எஃப்.எம். கம்பெனி நொடித்தால் நெல்லை நிலையம் என்ன ஆகும்?

கேள்வி: பாளையங்கோட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். ஆடித் தள்ளுபடிக்காக ஒரு எஃப்.எம். நிலையத்தில் மூன்று மாத விளம்பரத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. இப்போது அதன் தலைமைக் கம்பெனி மேல் வங்கி திவால் மனு போட்டிருக்கிறது என்கிறார்கள். என் தங்கை மகன் அங்கேதான் ஆர்.ஜே.யாக இருக்கிறான். நிலையத்தை மூடிவிடுவார்களா? என் பணம், அவன் சம்பளம் எல்லாம் என்ன ஆகும்? உள்ளூர்க்காரர்கள் நாலு பேர் சேர்ந்து இந்த ஒரு நிலையத்தை மட்டும் வாங்க வழி உண்டா?

பதில்:

அண்ணாச்சி, சட்டத்தின் கண்ணில் நெல்லை நிலையம் என்று தனியாக ஒன்று கிடையாது. அது கம்பெனியின் ஒரு கிளை, அவ்வளவுதான். வண்ணார்பேட்டையில் வசூல் நன்றாக நடந்தாலும், சென்னையிலோ மும்பையிலோ வாங்கிய கடனுக்கு இந்தக் கிளையும் சேர்ந்துதான் பதில் சொல்ல வேண்டும். அதே காரணத்தால், கம்பெனி நொடித்துவிட்டது என்பதற்காக மறுநாளே இங்கே பாட்டு நின்றுவிடவும் செய்யாது.

நிலையத்தில் விலைபோகக் கூடிய பொருள் எது என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். மைக், மிக்சர், கம்ப்யூட்டர், ஏ.சி., ஜெனரேட்டர் எல்லாவற்றையும் கழற்றி விற்றால் பழைய சாமான் விலைதான். டிரான்ஸ்மிட்டரை இன்னொரு எஃப்.எம். கம்பெனியைத் தவிர வேறு யாரும் வாங்க மாட்டார்கள். கோபுரம் பல ஊர்களில் பிரசார் பாரதியின் இடத்தில் இருக்கும் பொதுக் கோபுரம். கம்பெனி அதில் வாடகைக்குத்தான் இருக்கிறது. அலைவரிசை அரசாங்கத்தின் சொத்து. மிச்சம் இருப்பது மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தோடு ஊர்வாரியாகப் போட்ட அனுமதி ஒப்பந்தம். தொழிலில் இருப்பவர்கள் ‘கோபா’ என்பார்கள். அந்தக் காகிதம் உயிரோடு இருக்கும்வரை நிலையத்துக்கு விலை உண்டு. அது ரத்தானால் மிஞ்சுவது காயலான் கடைச் சரக்கு. உங்கள் கேள்விகள் எல்லாமே கடைசியில் அந்த அனுமதியைக் காப்பாற்றுவார்களா என்பதில்தான் வந்து நிற்கும்.

கடன் எப்படி இவ்வளவு ஏறியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து வாங்க வருகிறவனும் இதே பள்ளத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். தனியார் எஃப்.எம்.முக்கு முதல் ஏலம் 1999-2000-இல் நடந்தது. 40 ஊர்களில் 108 அலைவரிசைகள். வருமானம் வந்தாலும் வராவிட்டாலும் நிலையான கட்டணம், அதுவும் ஆண்டுக்கு 15 சதவீதம் ஏறிக்கொண்டே போகும். ஏலம் கேட்டவர்களில் பெரும்பாலோர் பின்வாங்கிவிட்டார்கள். 12 ஊர்களில் 21 நிலையங்கள்தான் கடைசியில் ஒலித்தன. அந்த 12 ஊர்களில் திருநெல்வேலியும் ஒன்று. மதுரைக்கும் திருச்சிக்கும் கிடைக்காதது நமக்கு முதல் சுற்றிலேயே கிடைத்தது, சூரியன் எஃப்.எம். அப்படி வந்ததுதான். 2005-இல் இரண்டாம் கட்டம் வந்தபோது அரசு மனம் இரங்கி, மொத்த வருமானத்தில் 4 சதவீதம் என்று மாற்றியது. 2011-இல் மூன்றாம் கட்டக் கொள்கை, 2015-இல் அதற்கான ஏலம். பழைய நிலையங்கள் ஒரே தடவையில் பெரிய தொகை கட்டி மூன்றாம் கட்டத்துக்கு மாறின. அவற்றுக்குப் பெரும்பாலும் 2015 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு அனுமதி, அதாவது 2030 மார்ச் 31 வரை.

பதினைந்து வருடம் சம்பாதிக்கப்போவதற்கான விலையை முதல் நாளே கட்ட வேண்டும், அதுவும் வங்கியில் வாங்கி. வட்டி அன்றே ஓட ஆரம்பித்துவிடும். வருமானமோ தீபாவளிக்குத் தீபாவளிதான் எட்டிப் பார்க்கும்.

இதற்குள் இன்னொரு கொக்கியும் உண்டு. மூன்றாம் கட்ட விதிப்படி ஆண்டுக் கட்டணம் மொத்த வருமானத்தில் 4 சதவீதம், அல்லது அந்த ஊருக்கான ஒருமுறை நுழைவுக் கட்டணத்தில் 2.5 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது. கணக்குக்காக நுழைவுக் கட்டணம் 4 கோடி என்று வைப்போம். அதில் 2.5 சதவீதம் 10 லட்சம். ஆண்டு வருமானம் 2.5 கோடியைத் தாண்டினால்தான் 4 சதவீதக் கணக்கே பேசும். வருமானம் 1.2 கோடிக்குச் சரிந்தாலும் கட்ட வேண்டியது அதே 10 லட்சம். கணக்குப் போட்டால் 8 சதவீதத்துக்கு மேல். வியாபாரம் படுக்கும் வருடத்தில்தான் பாரம் கூடும். இதை மாற்றி வெறும் 4 சதவீதம் ஆக்கச் சொல்லி, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023 செப்டம்பரில் பரிந்துரைத்தது. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 234 புதிய ஊர்களில் 730 அலைவரிசைகளை ஏலம் விட ஒப்புதல் தந்தபோது, அவற்றுக்கு ஜி.எஸ்.டி. நீங்கலாக வருமானத்தில் 4 சதவீதம் என்றுதான் வைத்தது. புதிதாக வருகிறவனுக்குக் கிடைத்த அந்தச் சலுகை பழைய நிலையங்களுக்கும் கிடைத்திருந்தால் சில கம்பெனிகள் திவால் தீர்ப்பாயத்துப் படி ஏறியிருக்காது என்பது என் எண்ணம்.

வரவுப் பக்கமும் பாருங்கள். மணிக்கு 10 நிமிடம் விளம்பரம் என்றால் 10 விநாடி விளம்பரத் துண்டு, அதாவது ஸ்பாட், 60. காலை 6 முதல் இரவு 11 வரை 17 மணி நேரத்துக்கு 1,020 ஸ்பாட். அதில் 40 சதவீதம் விற்று, சராசரி 80 ரூபாய் கிடைத்தால் நாளைக்கு 32,640. மாதம் 10 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இது எடுத்துக்காட்டுக் கணக்குதான், ஆனால் நடைமுறை இதைவிட மேடு பள்ளம். நம் பக்கம் ஆனித் தேரோட்டம், குற்றாலச் சீசன், ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் என்று ஐந்தாறு கொத்துகளில்தான் பணம் வரும். மாசி பங்குனியில் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஏஜென்சி வழியாக வரும் விளம்பரத்தில் 15 சதவீதம் கமிஷன் போகும், மிச்சப் பணமும் 90 நாள் கழித்துத்தான் வரும். மின்சாரம், வாடகை, சம்பளம் மூன்றும் அந்தந்த மாதமே கேட்கும். 2020-இல் ஊரடங்கு வந்தபோது இந்தியா முழுவதும் வானொலி விளம்பர வருமானம் ஏறத்தாழ 3,100 கோடியிலிருந்து 1,430 கோடிக்கு விழுந்ததாக ஃபிக்கி - இ.ஒய். அறிக்கை கணக்குச் சொன்னது. பாதிக்கும் கீழே. கடனில் ஓடிக்கொண்டிருந்த கம்பெனிகள் அந்த அடியிலிருந்து எழவே இல்லை.

இப்போது வழக்குக்கு வருவோம். மனு போடுவது வேறு, மனுவைத் தீர்ப்பாயம் ஏற்பது வேறு. வங்கி மனுவைத் திவால் சட்டமான ஐ.பி.சி.யின் 7-ஆம் பிரிவில் போடும். சரக்கோ சேவையோ கொடுத்துப் பணம் வராதவர் 9-இல் போடுவார். கம்பெனியே தன் மேல் போட்டுக்கொள்வது 10. குறைந்தது ஒரு கோடி ரூபாய் நிலுவை இருக்க வேண்டும். கம்பெனியின் பதிவு அலுவலகம் எந்த மாநிலமோ அதற்கான தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குத்தான் (என்.சி.எல்.டி.) வழக்குப் போகும். தமிழ்நாட்டுக் கம்பெனி என்றால் சென்னை, பதிவு மும்பையில் என்றால் மும்பை. மனு ஏற்கப்படும்வரை பழைய நிர்வாகம் அப்படியே இருக்கும், எந்தத் தடையும் கிடையாது. உங்கள் விஷயத்தில் அபாயமான காலம் இதுதான். பணம் இல்லாத கம்பெனி இந்த நேரத்தில் ‘ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் பாதி விலை’ என்று ஆள் அனுப்பும். வாங்கிவிடாதீர்கள். அதேபோல, மேனேஜரை நெருக்கி முன்பணத்தை இப்போது திரும்ப வாங்கினாலும் முழு நிம்மதி கிடையாது. மனு ஏற்கப்பட்ட நாளுக்கு முந்தைய ஓராண்டுக்குள், வழக்கமான வியாபாரப் போக்குக்கு வெளியே, ஒருவருக்கு மட்டும் சலுகையாகக் கொடுத்த பணத்தை 43-ஆம் பிரிவின்படி திரும்பக் கேட்க முடியும்.

மனுவை ஏற்ற அன்றே மூன்று காரியம் நடக்கும். இயக்குநர் குழுவின் அதிகாரம் நிறுத்தப்படும், ஆர்.பி. என்று நாம் சொல்லும் தீர்வு அலுவலர் பொறுப்பேற்பார், மொரட்டோரியம் தொடங்கும். அந்தத் தடை இருக்கும்வரை யாரும் கம்பெனி மேல் வழக்கு நடத்தவோ, சொத்தைப் பிடிக்கவோ முடியாது. ஸ்டூடியோ இருக்கும் கட்டடத்தின் உரிமையாளர்கூடப் பூட்டுப் போட முடியாது.

அனுமதிக்கு என்ன ஆகும்? முன்பெல்லாம் அரசுத் துறைகள் ‘திவாலாகிவிட்டாயா, லைசென்ஸ் ரத்து’ என்று எழுதிவிடும். அதைத் தடுக்க 14-ஆம் பிரிவில் ஒரு விளக்கம் சேர்த்தார்கள். 2019 டிசம்பர் 28 முதல் நடைமுறையில் இருக்கிறது. நொடித்த நிலையைக் காரணம் காட்டி லைசென்ஸ், பெர்மிட், சலுகை எதையும் நிறுத்தவோ ரத்து செய்யவோ கூடாது, ஆனால் மொரட்டோரியக் காலத்தில் அந்த உரிமையைப் பயன்படுத்துவதற்கான நடப்புக் கட்டணத்தில் பாக்கி விழக் கூடாது. பழைய பாக்கி வேறு, நடப்புப் பாக்கி வேறு. பழைய பாக்கிக்கு அமைச்சகமும் வரிசையில் நின்று கிளைம் போட வேண்டியதுதான். நடப்புத் தவணையை ஆர்.பி. தவறவிட்டால் அந்தக் கேடயம் கழன்றுவிடும். எனவே நிலையம் பிழைக்குமா என்று தெரிய வேண்டுமானால், அமைச்சகத்தின் கட்டணமும் பிரசார் பாரதியின் கோபுர வாடகையும் வழக்கு ஏற்ற நாளிலிருந்து ஒழுங்காகப் போகிறதா என்று விசாரியுங்கள். ஆர்.பி.யின் அலுவலகத்தில் இதற்குப் பதில் கிடைக்கும்.

மின்சாரத்திலும் இதே மாதிரி ஒரு நுணுக்கம். அத்தியாவசியச் சேவை என்று மின் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்பது பொது விதி. ஆனால் எந்தத் தொழிலில் மின்சாரம் உற்பத்திக்கே நேரடி மூலப்பொருளோ அங்கே இந்தச் சலுகை அப்படியே பொருந்தாது. டிரான்ஸ்மிட்டருக்கு மின்சாரம்தானே சோறு. மாத பில்லைக் கட்டாமல் ஓட்டிவிடலாம் என்று எந்த ஆர்.பி.யும் நினைக்க முடியாது.

இப்படியெல்லாம் நடந்த ஒரு வழக்கைப் பார்த்தால் தெளிவாகும். 58 நிலையங்கள் கொண்ட 92.7 பிக் எஃப்.எம்.மை நடத்திய ரிலையன்ஸ் பிராட்காஸ்ட் நெட்வொர்க்கை வாங்க, ரேடியோ சிட்டியை நடத்தும் மியூசிக் பிராட்காஸ்ட் கம்பெனி 2019-இல் 1,050 கோடி ரூபாய் மதிப்பில் பேசி முடித்தது. அந்தப் பேரம் நிறைவேறவில்லை. 2023 பிப்ரவரியில் மும்பைத் தீர்ப்பாயம் திவால் மனுவை ஏற்றது. 2024 மே மாதம் சஃபையர் மீடியாவின் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. தொகை 261 கோடி. ஐந்து வருடத்தில் நாலில் ஒரு பங்கு. நேரமும் கவனியுங்கள்: சட்டம் 180 நாள், நீட்டித்தால் 270, வழக்குகள் உட்பட 330 என்கிறது; இங்கே பதினைந்து மாதம் ஆயிற்று. ஒப்புதல் வந்த பிறகும் பங்கு கைமாற அமைச்சகத்தின் சம்மதம் வேண்டும். 31-ஆம் பிரிவு அதற்கு ஓராண்டு அவகாசம் தருகிறது. ஆக, உங்கள் நிலையமும் இரண்டு வருடம்வரை இரண்டுங்கெட்டானாக ஓட வாய்ப்பிருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டு வருடத்தில் நிலையம் எப்படித் தேய்கிறது என்பதைத்தான் விளம்பரதாரர் கண் வைத்துப் பார்க்க வேண்டும். முதலில் உள்ளூர் நிகழ்ச்சிகள் குறையும். மதியமும் இரவும் சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ ஒரே நிகழ்ச்சி எல்லா ஊருக்கும் வரும்; செலவு மிச்சம். பிறகு விற்பனைப் பிரிவு ஆட்கள் போவார்கள். போகும்போது வாடிக்கையாளர் பட்டியலும் அவர்களோடு எதிர் நிலையத்துக்குப் போய்விடும். அடுத்தது பாட்டு. இசைக் கம்பெனிகளின் ராயல்டி ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாவிட்டால் அந்தக் கம்பெனியின் பாடல்களை எடுத்துவிட வேண்டும். புதுப்பாட்டு குறைந்து, ஒரே இருபது முப்பது பழைய பாட்டு சுற்றிச் சுற்றி வந்தால் காரணம் ரசனை என்று நினைக்காதீர்கள். நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தி ஓட்டும் மென்பொருளுக்கும் ஆண்டு உரிமம் உண்டு. அது முடிந்தால் விளம்பரம் எத்தனை மணிக்கு ஓடியது என்ற பதிவே ஒழுங்காக வராது. பதிவு இல்லையென்றால் பில்லுக்கு ஆதாரம் இல்லை.

கடைசியில் டிரான்ஸ்மிட்டர். இப்போதுள்ளவை ஒற்றை வால்வில் ஓடுபவை அல்ல. பல பவர் மாட்யூல்கள் சேர்ந்து சக்தியைத் தரும். ஒன்று பழுதானால் நிலையம் நிற்காது, சக்தி மட்டும் குறையும். மாற்று மாட்யூல் வாங்கப் பணம் இல்லாத கம்பெனி அப்படியே ஓட்டும். டிரான்ஸ்மிட்டர் அறையின் ஏ.சி. ஒன்று கெட்டாலும் இதே கதைதான். அக்னி நட்சத்திரத்தில் சூடு ஏறும்போது கருவியே தன்னைக் காத்துக்கொள்ளச் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். மக்கள்தொகைப்படி ஊர்களைப் பிரித்ததில் திருநெல்வேலி ‘சி’ வகை, விதிப்படி 3 முதல் 10 கிலோவாட் வரை கதிர்வீச்சுச் சக்தி. 10 கிலோவாட் 5 ஆனால் குறைவது 3 டெசிபல்தான். நகருக்குள் யாருக்கும் தெரியாது. ஓரத்தில் தெரியும். ஸ்டீரியோ ஒலியில் முதலில் இரைச்சல் ஏறும், பிறகு வண்டி ரேடியோ தானாக மோனோவுக்கு இறங்கும். மேற்கே மலை மறைப்பதால் பாபநாசம், மாஞ்சோலைப் பக்கம் எப்போதுமே தகராறு. கிழக்கே தேரிக்காட்டுச் சமவெளியில் திசையன்விளை வரை சுத்தமாக எடுக்கும். எனவே உங்கள் கடைக்கு வள்ளியூர், கடையம், தென்காசியிலிருந்து ஆள் வருகிறார்கள் என்றால், அங்கேயிருந்து வரும் வேன் டிரைவரிடம் மாதம் ஒருமுறை நிலையம் எந்த ஊர் வரை தெளிவாகக் கேட்கிறது என்று கேளுங்கள். ரேட் கார்டைவிட அது நம்பகமான தகவல். (கடற்கரையோரத்தில் சில இரவுகளில் இலங்கை நிலையங்கள் புகுந்து அடிக்கும். அது கடல் மேல் காற்றுப் படலத்தின் வேலை, கம்பெனியின் குற்றம் இல்லை.)

இனி உங்கள் முன்பணம். விளம்பரம் ஓடாத பங்குக்கு நீங்கள் ‘செயல்பாட்டுக் கடன் கொடுத்தவர்’ வரிசையில் வருவீர்கள். சேவைக்காகக் கொடுத்த முன்பணமும் செயல்பாட்டுக் கடன்தான் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் ஹிட்ரோ எனர்ஜி வழக்கில் சொல்லிவிட்டது. ஃபார்ம் பி நிரப்பி ஆர்.பி.க்குத் தபாலிலோ மின்னஞ்சலிலோ அனுப்ப வேண்டும். ஆர்.பி. நியமிக்கப்பட்டதிலிருந்து 14 நாள் கெடு. தவறினால் 90 நாள் வரை வாய்ப்பு உண்டு, ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம். இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் கோட்டை விடுவது. அறிவிப்பு ஒரு ஆங்கில நாளிதழிலும், பதிவு அலுவலகம் இருக்கும் ஊரின் மொழி நாளிதழிலும்தான் கட்டாயம் வரும். கம்பெனி மும்பைக்காரன் என்றால் மராத்திப் பத்திரிகையில் வரும், நெல்லைப் பதிப்பில் தேடிக்கொண்டிருந்தால் கெடு போய்விடும். திவால் வாரியமான ஐ.பி.பி.ஐ.யின் இணையதளத்தில் பொது அறிவிப்புப் பகுதியில் கம்பெனி பெயரைப் போட்டு வாராவாரம் பாருங்கள்.

இணைக்க வேண்டியவை: விளம்பரம் போடச் சொல்லி நீங்கள் கொடுத்த ரிலீஸ் ஆர்டர், பணம் போன வங்கிக் கணக்குப் பக்கம், ரசீது, இதுவரை ஓடியதற்கான ஒலிபரப்புச் சான்று. வானொலி விளம்பரத்துக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், ஒரு லட்சத்துக்கு 18 ஆயிரம். வரி சேர்த்த முழுத் தொகைக்கும் கிளைம் போடுங்கள், ஓடாத விளம்பரத்துக்கு உள்ளீட்டு வரி வரவு எடுத்திருந்தால் அதைத் திருப்ப வேண்டும் என்று உங்கள் கணக்கரிடம் சொல்லிவிடுங்கள். பழைய முன்பணத்தை, வழக்கு ஏற்ற பிறகு வரும் புது பில்லில் நீங்களாகக் கழித்துக்கொள்ளக் கூடாது. 2024 ஜனவரியில் பார்தி ஏர்டெல் வழக்கில் உச்ச நீதிமன்றம், முன்பே ஒப்பந்தத்தில் இருந்தாலொழிய பெரும்பாலும் அப்படிக் கழிக்க முடியாது என்றது.

எவ்வளவு வரும் என்று கேட்டால், பொய் சொல்ல மனமில்லை. சட்டம் உங்களுக்கு உறுதி தருவது, கம்பெனியைக் கலைத்து விற்றால் உங்கள் பங்குக்கு என்ன வருமோ அந்த அளவு. வங்கிகள் முன்னால் நிற்கும்போது அது பெரும்பாலும் பூஜ்யத்துக்குப் பக்கம். பணமாக வரும் என்று எதிர்பார்ப்பதைவிட, ஓடாத ஸ்பாட்டுகளை ஓட்டித் தர வாங்குகிறவர் தன் திட்டத்திலேயே ஒத்துக்கொள்ள முடியுமா என்று உங்களைப் போன்ற கடைக்காரர்கள் சேர்ந்து ஆர்.பி.க்கு எழுதுவது மேல். காற்று நேரம் அவருக்குச் செலவில்லாத சரக்கு, வாடிக்கையாளரைத் தக்கவைக்கவும் உதவும்.

தங்கை மகன் விஷயத்தில் அவர் எந்தக் காகிதத்தில் வேலை செய்கிறார் என்பதுதான் முக்கியம். சம்பளச் சீட்டும் பி.எஃப். பிடித்தமும் இருந்தால் ஊழியர்; ஃபார்ம் டி போட வேண்டும், பலர் சேர்ந்து ஒருவர் மூலம் போடுவதானால் ஃபார்ம் ஈ. ஆனால் ஆர்.ஜே.க்களில் பலர் ஆலோசகர் ஒப்பந்தத்தில், டி.டி.எஸ். பிடித்த ‘தொழில்முறைக் கட்டணம்’ வாங்குகிறவர்கள். அவர்களுக்கு ஃபார்ம் பி, அதாவது உங்களோடு ஒரே வரிசை. தவறான படிவத்தில் போட்டால் அலைக்கழிப்புதான். பி.எஃப். கட்டியிருக்கிறார்களா என்று அவருடைய பி.எஃப். கணக்கு எண்ணான யு.ஏ.என். பாஸ்புக்கில் மாதாமாதம் பார்க்கச் சொல்லுங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவது நொடிக்கும் கம்பெனியின் முதல் அடையாளம். நல்ல செய்தி இரண்டு. பி.எஃப்., கிராச்சுட்டி நிதிகள் கலைப்புச் சொத்தில் சேராது. வழக்கு ஏற்ற பிறகு நிலையம் ஓடும்போது அவர் உண்மையில் வேலை செய்த மாதங்களின் சம்பளம் நடைமுறைச் செலவாகக் கருதப்பட்டு எல்லோருக்கும் முன்னால் கொடுக்கப்பட வேண்டும். 2022-இல் சுனில் குமார் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. அதனால் வருகைப் பதிவும் நிகழ்ச்சிப் பட்டியலும் கையில் நகல் இருக்கட்டும்.

அடுத்து, நாலு பேர் சேர்ந்து வாங்குவது. ஆசை நியாயமானது, பாதை குறுகல். தனி மனிதர், கூட்டு வியாபாரம், டிரஸ்ட், சங்கம் எதுவும் ஆகாது. கம்பெனிச் சட்டத்தில் பதிவான கம்பெனி வேண்டும். அரசியல் கட்சி, மத அமைப்பு, விளம்பர ஏஜென்சி சார்ந்ததாக இருக்கக் கூடாது. சி, டி வகை ஊர்களுக்கு நிகர மதிப்பு 1.5 கோடி என்று இருந்ததை 2022 அக்டோபரில் ஒரு கோடியாக இறக்கினார்கள். இது உங்களுக்குச் சாதகம். இயக்குநர்கள் எல்லோருக்கும் பாதுகாப்புச் சரிபார்ப்பு உண்டு. வங்கிக் கடனை நெடுநாள் வராக்கடனாக வைத்திருப்பவர் யாராவது கூட்டத்தில் இருந்தால் 29ஏ பிரிவில் மொத்தக் குழுவும் அடிபடும், முதலிலேயே பார்த்துக்கிடுங்க.

சிக்கல் எங்கே என்றால், ஆர்.பி. ஃபார்ம் ஜி வெளியிட்டு விருப்பம் கேட்கும்போது முழுக் கம்பெனிக்கும்தான் பொதுவாகக் கேட்பார். கடன் கொடுத்தவர்கள் குழுவில் 66 சதவீத ஓட்டு வேண்டும். ஐம்பது நிலையத்தையும் ஒரே மூட்டையாக வாங்குகிறவன் இருந்தால், ஒன்றை மட்டும் கேட்பவனை வங்கிகள் திரும்பிப் பார்க்காது. முழுக் கம்பெனிக்கு யாரும் வராதபோது சொத்துகளைத் தனித்தனியாக விற்கவும் திட்டம் கேட்கலாம் என்று 2022-இல் விதி வந்தது, அந்தக் கதவு உங்களுக்கு உதவலாம். அப்போதும் அனுமதியை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது அமைச்சகத்தின் கையில். 2015-இல் டி.வி. டுடேயின் ஏழு நிலையங்களை ரேடியோ மிர்ச்சியின் தாய்க் கம்பெனி கேட்டபோது அமிர்தசரஸ், பாட்டியாலா, சிம்லா, ஜோத்பூர் நான்கும் கைமாறின. டெல்லி, மும்பை, கொல்கத்தா மூன்றுக்கும் அரசு சம்மதிக்கவில்லை. சின்ன ஊர் நிலையங்கள் கைமாற முன்னுதாரணம் இருக்கிறது என்பது இதில் உங்களுக்கான செய்தி.

விலை பேசுமுன் 2030 மார்ச் 31-ஐச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நிலையம் மூன்றாம் கட்டத்துக்கு மாறிய பழைய நிலையமாக இருந்தால் நீங்கள் வாங்குவது அந்தத் தேதி வரை மீதமுள்ள மாதங்களைத்தான். 2027 மார்ச் இறுதியில் கையில் வந்தால் 36 மாதம். மாதம் ஒரு லட்சம் மிஞ்சும் நிலையத்துக்கு, புதுப்பித்தல் பற்றி எழுத்தில் எதுவும் இல்லாதவரை, 36 லட்சத்துக்கு மேல் கொடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. அதிலும் கெட்டுப்போன மாட்யூல்களின் விலையைக் கழிக்க வேண்டும்.

திட்டம் எதுவும் தேறாவிட்டால் கலைப்பு. அனுமதி அரசுக்குத் திரும்பும், அலைவரிசை மறு ஏலம் வரை மௌனமாகக் கிடக்கும். அமெரிக்காவில் ஐஹார்ட் மீடியா 2018-இலும் ஆடசி 2024 ஜனவரியிலும் திவால் மனு போட்டபோது நிலையங்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. ஆடசியின் ஏறத்தாழ 190 கோடி டாலர் கடன் 35 கோடிக்குச் சுருங்கி, கடன் கொடுத்தவர்களே முதலாளிகள் ஆனார்கள். அங்கே பழைய நிர்வாகமே உட்கார்ந்து நடத்தும், கடனைப் பங்காக மாற்றுவது எளிது. இங்கே நிர்வாகம் வெளியேறி வெளியாள் வந்து நடத்துவதால், இடைக்காலத்தில் ஊர் பழக்கம் தெரியாமல் செலவை வெட்டி நிலையத்தை உலர்த்திவிடும் அபாயம் கூடுதல்.

ஊருக்கு ஒரு குரல் வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், சமூக வானொலி இதைவிட மலிவு. லாப நோக்கமில்லாத, பதிவாகி மூன்றாண்டு ஆன அமைப்போ கல்லூரியோ விண்ணப்பிக்கலாம், ஏலம் கிடையாது. சக்தி 100 வாட், கோபுரம் 30 மீட்டர், எட்டும் தூரம் சுமார் பத்துப் பதினைந்து கிலோமீட்டர். 2024 வழிகாட்டுதலில் விளம்பர நேரத்தை மணிக்கு 7-லிருந்து 12 நிமிடமாக உயர்த்தியிருக்கிறார்கள். ஆனால் லாபத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, அண்ணாச்சி.

இந்த ஆடிக்கு அந்த நிலையத்திலேயே தொடர்வதானால் இப்படிச் செய்யுங்கள். மனு ஏற்கப்படும்வரை முன்பணம் வேண்டாம். ஒரு வாரம் ஓடியதும் ஒலிபரப்புச் சான்றைப் பார்த்துவிட்டு அந்த வாரத்துக்கு மட்டும் காசோலை. ஏற்ற பிறகு புது ரிலீஸ் ஆர்டரில் ஆர்.பி.யின் கையெழுத்தோ அவர் அங்கீகரித்தவரின் கையெழுத்தோ வாங்கி, அவர் சொல்லும் வங்கிக் கணக்கில் மட்டும் கட்டுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு கட்டியதற்குச் சேவை வராவிட்டால் நடைமுறைச் செலவு என்ற முன்வரிசையில் கேட்கலாம். விளம்பர நிதியில் பாதியை மட்டும் அங்கே வைத்து, மீதியை ஊரில் ஒலிக்கும் இன்னொரு நிலையத்துக்கோ, 1963 முதல் இருக்கும் திருநெல்வேலி வானொலிக்கோ பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.